மைக்கு ஒதுக்கிய இடம்

பெல் சென்டினியல் என்ற ஆங்கில எழுத்துருவின் தடித்த வடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ‘எம்’ எழுத்தின் கோடுகள் கூடும் மூலைகள், ‘ஆர்’ எழுத்தின் கால் பிரியும் இடம், 4 என்ற எண்ணின் உள்கோணம் என எங்கெல்லாம் இரண்டு கோடுகள் சந்திக்கின்றனவோ, அங்கெல்லாம் எலி கடித்தது போல ஆழமான வெட்டுகள். கோப்பு பழுதாகிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. மேத்யூ கார்ட்டர் என்ற வடிவமைப்பாளர் அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருக்கிறார்.

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்துக்காக 1970-களின் நடுவில் தொடங்கி 1978-ல் முடித்த எழுத்துரு இது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் டைரக்டரிகள், சான்சி கிரிஃபித் 1938-ல் உருவாக்கிய பெல் காதிக் எழுத்தில் வந்துகொண்டிருந்தன. ஈயத்தை உருக்கி வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்துக்காகப் பிறந்த எழுத்து அது. அங்கே நன்றாகவே உழைத்தது. பிறகு அச்சுக்கோர்ப்பு ஈயத்தைக் கைவிட்டது. கேத்தோடு கதிர்க் குழாயில் எழுத்தை ஒளிக்கோடுகளால் எழுதி ஃபிலிமில் பதிக்கும் அதிவேக மின்னணு முறை வந்தது. அந்த வேகத்தில் பெல் காதிக் மெலிந்து, ஆங்காங்கே அறுந்து விழுந்தது. அச்சகத்தார் தங்கள் கையில் இருந்த ஒரே வழியைப் பிடித்தார்கள்: மையைக் கூட்டினார்கள். மெலிந்த கோடுகள் தேறின. ஆனால் 3, 6, 8 ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபட்டுப் போயின. டைரக்டரியில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் ஒரு தவறான அழைப்பு. அதைத் தொடர்ந்து விசாரணைப் பிரிவுக்கு இன்னோர் அழைப்பு. நாடு முழுக்க இது தினமும் நடந்தால் அதற்கு விலை உண்டு.

மை ஏன் மூலையைத் தேடிப் போகிறது? டைரக்டரி அச்சாகும் நியூஸ்பிரிண்ட் மட்டமான தாள். மையைத் தாங்கி நிறுத்தாமல் இழைகளுக்குள் உறிஞ்சிப் பரவவிடும். மை திரவம் என்பதால் பரப்பு இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது. குறுகிய கோணத்தில் இரண்டு ஈரமான கரைகள் நெருங்கும் இடத்தில், நடுவிலுள்ள வெளியை மை இழுத்து மூடிவிடும். கோணம் எவ்வளவு குறுகலோ, அடைப்பு அவ்வளவு நீளம். டைரக்டரியில் முகவரிகள் 6 பாயிண்ட் அளவில் வந்தன. எழுத்து உட்காரும் மொத்த உயரமே சுமார் 2 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு மூலை அடைபட்டால் எழுத்தின் அடையாளமே கெட்டுவிடும்.

கார்ட்டர் மையை எதிர்க்கவில்லை. அது எங்கே போகும் என்று பார்த்து, அந்த இடத்தை முன்கூட்டியே காலியாக வைத்தார். வெட்டுக்குள் மை போய் நிறையும்போது மூலை கூராகத் தெரியும். படம் வரைந்து அதை ஒரு கருவியிடம் கொடுத்துப் புள்ளிகளாக்கச் சொல்லவும் இல்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று கையாலேயே முடிவு செய்தார். பெயருக்கும் எண்ணுக்கும் ஒரு வடிவம், முகவரிக்கு அதைவிட மெல்லிய ஒன்று, நிறுவனங்களுக்குத் தடித்த ஒன்று, துணைத்தலைப்புக்கு ஒன்று என நான்கு வகை. அகலத்தையும் சுருக்கினார், ஒரே வரியில் அடங்கும் பதிவுகள் கூடின, காகிதம் மிச்சமானது. டைரக்டரியைப் புரட்டியவர்கள் யாரும் அந்த வெட்டுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். எண் தெளிவாக இருந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலின் மையமே இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வடிவமைப்பாளர் வரைவது ஓர் எழுத்து. வாசகர் கண்ணுக்கு வந்து சேர்வது வேறோர் எழுத்து. நடுவே ஓர் இயந்திரம் இருக்கிறது; அது சிலவற்றைத் தின்னும், சிலவற்றைச் சேர்க்கும். புதிய தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் அந்தக் கொடுக்கல் வாங்கல் மாறுகிறது. அதைக் கணக்கில் எடுத்து வரைபவருக்கும், பழைய படத்தையே புதிய இயந்திரத்தில் ஏற்றிவிட்டு அது கெடுத்துவிட்டது என்று குறைப்படுபவருக்கும் இடையில்தான் நல்ல எழுத்தும் மோசமான எழுத்தும் பிரிகின்றன.

கார்ட்டர் இதைக் கற்றது மிகப் பழைய பள்ளியில். 1937-ல் லண்டனில் பிறந்தவர். 1950-களின் நடுவில், இருபது வயதுகூட ஆகாத நிலையில், நெதர்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள என்ஸ்கெடே அச்சகத்துக்குப் போய், பாவுல் ரேடிஷ் என்ற கைவினைஞரிடம் எஃகில் எழுத்து வெட்டப் பழகினார். ஐரோப்பாவிலேயே அந்த வேலை அப்போது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எஃகுக் கம்பியின் முனையில், அச்சில் வரவேண்டிய அதே அளவில், இடவலம் மாற்றி எழுத்தைச் செதுக்க வேண்டும். உள்வெளியைத் தனி உளியால் அறைந்து இறக்குவார்கள். வெளிக்கரையை அரத்தால் ராவுவார்கள். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, முனையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றித் தாளில் ஒற்றி எடுப்பார்கள். ஒற்றிப் பார்த்து மறுபடி ராவுவது. எஃகு முனையை நம்பாமல் தாளில் விழுந்த கரியை நம்புவது அந்த வேலையின் முதல் பாடம்.

அந்த முறையில் இன்னொரு விஷயம் இருந்தது. 8 பாயிண்ட் எழுத்தையும் 24 பாயிண்ட் எழுத்தையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். எனவே வெட்டுபவர் சின்ன எழுத்தைச் சற்று அகலமாக, சற்றுத் தடிமனாக, உள்வெளிகளைத் திறந்து வெட்டுவார். பெரிய எழுத்தை மெல்லியதாக, நெருக்கமாக வெட்டுவார். யாரும் இதைக் கோட்பாடாக வகுத்துத் தர வேண்டியிருக்கவில்லை. கண்ணும் கையும் சேர்ந்து அப்படித்தான் செய்தன. பின்னால் வந்த இயந்திரங்களில் இது மெல்ல மெல்லக் காணாமல் போனது. அதன் விலையை நாம் நெடுநாள் கொடுத்தோம்.

இயந்திர வார்ப்புக் காலத்தின் கட்டுப்பாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். லைனோடைப்பில் ஒரே அச்சுக்கட்டையில் நேர் எழுத்தும் சாய்வெழுத்தும் இருந்ததால் இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டும். இயல்பில் ஒடுங்கிய சாய்வெழுத்தை அகட்ட வேண்டியிருந்தது. ஓர் எழுத்தின் கொக்கி பக்கத்து எழுத்தின் மேல் நீளவும் முடியாது. எனவே ‘எஃப்’ எழுத்தின் தலையைச் சுருக்கினார்கள். 1967-ல் யான் ட்ஷிகோல்ட் வெளியிட்ட சபோன் என்ற எழுத்துரு இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்து, கைக்கோர்ப்பிலும் இரண்டு வகை இயந்திரங்களிலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்று திட்டமிட்டு வரையப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த இயந்திரங்களே போய்விட்டன. அகன்ற சாய்வெழுத்து மட்டும் சபோனின் முகமாகவே தங்கிவிட்டது.

ஒளியச்சு வந்தபோது இரண்டு விதமான எதிர்வினைகளைப் பார்க்கிறோம். பாரிஸில் ஏட்ரியன் ஃப்ருட்டிகர், லூமிடைப் என்ற ஒளியச்சு இயந்திரத்துக்கு எழுத்துகளைத் தயாரித்தார். எழுத்தின் நெகட்டிவ் வழியே ஒளி பாயும்போது கூரான மூலைகளில் ஒளி சிதறி அவை மழுங்கும். எனவே ஃப்ருட்டிகர் மூலைகளை முள் போல வெளியே நீட்டி வரைந்தார். அச்சில் முள் கரைந்து மூலை நேராக நின்றது. மூலப் படங்கள் பார்க்க அவலட்சணமாக இருக்கும். மையை எதிர்பார்த்துக் குழி வெட்டிய கார்ட்டரும், ஒளியை எதிர்பார்த்து முள் வைத்த ஃப்ருட்டிகரும் செய்தது ஒரே கணக்கு. குறி மட்டும் நேர் எதிர்.

இன்னொரு எதிர்வினை, புதிய இயந்திரம் திறந்துவிட்ட கதவைப் பார்ப்பது. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் லைனோடைப் நிறுவனத்தில் சேர்ந்த கார்ட்டர், ஒளியச்சில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம் என்பதைக் கவனித்தார். ஈயத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி உடைந்துவிடும். ஒளியில் உடைவதற்கு எதுவும் இல்லை. சார்லஸ் ஸ்னெல் என்ற பழைய ஆங்கில எழுத்தாசிரியரின் கையெழுத்தை ஆதாரமாகக் கொண்டு, எழுத்தோடு எழுத்து தடையின்றி இணைந்தோடும் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை வரைந்தார். புதிய கருவி கையில் கிடைத்ததும் அதில் ஒரு பழைய அழகைச் சாத்தியமாக்கிய இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

எழுத்து புள்ளிகளாக உடைந்தபோதுதான் சண்டை கூர்மையானது. 1960-களின் நடுவில் ஜெர்மனியின் ருடால்ஃப் ஹெல் உருவாக்கிய டிஜிசெட் இயந்திரம் எழுத்துகளைப் புள்ளித் தொகுதிகளாகச் சேமித்தது. நெதர்லாந்தின் விம் க்ரௌவெல், பல நூற்றாண்டுப் பழமையான காரமோன் எழுத்து அதில் படிக்கட்டுப் படிக்கட்டாகச் சிதைந்து வருவதைக் கண்டார். அவர் சொன்ன தீர்வு தீவிரமானது: இயந்திரத்தால் வளைவு போட முடியாதென்றால் எழுத்திலிருந்து வளைவை எடுத்துவிடுங்கள். 1967-ல் அவர் வெளியிட்ட ‘புதிய நெடுங்கணக்கு’ கிடைக்கோடுகளும் நெடுக்கோடுகளும் மட்டுமே கொண்டது. மூலைகள் மட்டும் 45 பாகையில் சீவப்பட்டிருக்கும். ‘எம்’ வேண்டுமானால் ‘என்’ எழுத்துக்கு அடிக்கோடு போட வேண்டும். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. அதை அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அவரும் முன்வைக்கவில்லை, ஒரு சோதனையாகவே வைத்தார். அந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. ஆனால் இயந்திரத்தின் குறை பத்தாண்டில் நீங்கிவிடும், வாசகரின் கண் அப்படி மாறுவதில்லை என்ற உண்மைக்கு முன்னால் அது நிற்க முடியவில்லை.

1984-ல் மேக்கின்டாஷ் கணினி வந்தபோது கலிஃபோர்னியாவில் ஸுஸானா லிச்கோ வேறொரு வழியில் போனார். அங்குலத்துக்கு 72 புள்ளிகள் கொண்ட திரையை ஒரு குறையாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஓக்லாண்ட், எம்பெரர் போன்ற எழுத்துகளில் புள்ளிகளை மறைக்காமல் அவற்றையே கட்டுமானப் பொருளாக்கினார். அவரும் ருடி வாண்டர்லான்ஸும் நடத்திய எமிக்ரே இதழில் அவை வந்தபோது, பழைய தலைமுறை வடிவமைப்பாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். லிச்கோவின் அடுத்த படி இன்னும் நுட்பமானது. 1986-ல் செய்த மேட்ரிக்ஸ் எழுத்துருவில், நினைவகம் குறைந்த லேசர் அச்சுப்பொறியை மனத்தில் வைத்து, எழுத்தை வரையறுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். எழுத்தின் பாதங்கள் 45 பாகை முக்கோணங்களாயின. அந்த அச்சுப்பொறி வழவழப்பாகப் போடக்கூடிய சாய்கோடு அதுதான். சிக்கனத்துக்காகச் செய்தது கம்பீரமாக வந்தது.

ஏறத்தாழ அதே நேரத்தில் கார்ட்டரும் அதே சிக்கலைக் கையில் எடுத்திருந்தார். 1981-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தில், குறைந்த நினைவகத்தில் அடங்க வேண்டும் என்று வளைவுகளைக் குறைத்து, பாதங்களை நேர்கோடுகளாகச் சீவி, சார்ட்டர் என்ற எழுத்துருவை வரைந்தார். வரைந்து முடிக்கும் தறுவாயில், எழுத்துத் தரவைச் சுருக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தீர்த்த சிக்கலே இல்லாமல் போயிற்று. கார்ட்டர் வரைந்ததை மாற்றாமல் அப்படியே விட்டார், எழுத்து தன் காலில் நிற்கிறது என்பதால். 1987-ல் வெளிவந்த சார்ட்டர் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கட்டுப்பாடு மறைந்த பிறகும் நிற்கக்கூடிய எழுத்துதான் கட்டுப்பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்ட எழுத்து என்பது என் துணிபு.

கார்ட்டரின் வெர்டானா என்ற எழுத்துருவின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திரையில் படிப்பதற்கென்றே ஓர் எழுத்தைக் கேட்டது. அன்றைய விண்டோஸ் கணக்கில் அங்குலத்துக்கு 96 புள்ளிகள். 9 பாயிண்ட் எழுத்துக்கு மொத்தம் கிடைக்கும் உயரம் 12 புள்ளிகள். மேலே நீளும் கோட்டுக்கும் கீழே இறங்கும் வாலுக்கும் இடம் விட்டால், சிறிய எழுத்தின் உடலுக்கு ஆறேழு புள்ளிகள் மிஞ்சும். ஒரு நெடுக்கோடு ஒரு புள்ளி அகலம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், ஒன்றரை கிடையாது. அதனால்தான் வெர்டானாவின் தடித்த வடிவம் மற்ற எழுத்துருக்களைவிட அதிகத் தடிமனாகத் தெரிகிறது. ஒரு புள்ளிக்கு அடுத்தது இரண்டு புள்ளி. சன்னமாகத் தடிப்பதற்கு வழியில்லை.

கார்ட்டர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். அதுவரை முதலில் வழவழப்பான புறக்கோட்டை வரைந்து, பிறகு அதைப் புள்ளிகளுக்குள் திணிப்பார்கள். இவர் முதலில் ஒவ்வோர் அளவுக்கும் புள்ளிப்படத்தை முடித்து, திரையில் படித்துப் பார்த்துத் திருத்தி, அதற்குப் பிறகே அதைச் சுற்றிப் புறக்கோட்டைப் போர்த்தினார். புறக்கோடு மறுபடி அதே புள்ளிகளாகச் சரியாக விழ வேண்டுமே! அதற்கான கட்டளைகளை எழுதியவர் டாம் ரிக்னர். எழுத்துருக் கோப்புக்குள்ளேயே, ‘இந்த அளவில் இந்தக் கோடு இந்தக் கட்டத்தில்தான் நிற்க வேண்டும்’ என்று சொல்லும் சிறு நிரல்கள் அவை. பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் 1 மூன்றும் குழம்பாமலிருக்க, ‘ஐ’ எழுத்துக்கு மேலும் கீழும் குறுக்குக்கோடும், 1-க்கு அடிக்கட்டையும் கொடுத்தார். எழுத்துகள் ஒட்டிவிடாதபடி இடைவெளியைத் தாராளமாக வைத்தார். 1996-ல் வெர்டானாவும் ஜார்ஜியா என்ற இன்னோர் எழுத்துருவும் இலவசமாக வெளிவந்தன. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் உலகம் இணையத்தில் படித்ததில் பெரும்பகுதி இவற்றின் வழியாகத்தான் போயிற்று.

தமிழில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம் எழுத்து வடிவமைப்பாளர்களின் பாடு புரியும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழிக்கு ஒரு கோடும் அதையடுத்து ஒரு வெளியும் வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு புள்ளிகள். புள்ளியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் சுருக்கினால் ‘மனமும்’ ‘மணமும்’ ஒன்றாகிவிடும். ஈய அச்சுக் காலத்துப் பத்திரிகைகளில் சுழிக்குள் மை அடைத்து ‘ண’ கறுப்புப் பொட்டாக வருவதைப் பழைய இதழ்களைப் புரட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். பெல் சென்டினியல் எதிர்கொண்ட அதே மை, அதே தாள்.

தமிழ் இன்னொரு பாதையையும் எடுத்தது. பெரியார் 1930-களிலேயே தம் இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களும், கால் ஒட்டிக்கொண்ட பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’ வடிவங்களும் போயின. பிள்ளைகள் கற்க எளிது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்ற இரண்டு காரணங்களும் சொல்லப்பட்டன. இங்கே எழுத்துரு மட்டுமல்ல, எழுத்தே கருவிக்கு இடம் கொடுத்தது. ஆனாலும் க்ரௌவெலைப் போலக் கண்ணை மறந்துவிடவில்லை. ஏற்கெனவே ‘கை’, ‘தை’ என்று கண் பழகியிருந்த வடிவத்தையே மற்ற எழுத்துகளுக்கும் விரித்தது. பழைய வடிவங்கள் எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளக் கணினி இன்று இடம் தருகிறது. ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை, போகத் தேவையும் இல்லை.

ஓரிடத்துக்கென்று வரைந்ததை வேறிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009-ல் ஐகியா நிறுவனம் தன் அச்சுப் பட்டியல்களுக்கும் விளம்பரங்களுக்கும் வெர்டானாவைக் கொண்டுவந்தது. வடிவமைப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது: 12 புள்ளிக்குள் மூச்சுவிடத் தரப்பட்ட அகலமும் இடைவெளியும் பெரிய விளம்பரப் பலகையில் வெறும் தளர்ச்சியாகத் தெரிந்தன. 2019-ல் அந்த நிறுவனம் நோட்டோ என்ற எழுத்துருவுக்கு மாறியது.

2010-ல் ஐஃபோன் 4 அங்குலத்துக்கு 326 புள்ளிகளோடு வந்தது. புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த அந்தத் திரையில், டாம் ரிக்னர் போன்றோர் எழுதிய கட்டளைகளின் தேவை பெருமளவு குறைந்தது. அதற்காக எழுத்து அளவின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒரே படத்தை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கும் பழக்கம் ஒளியச்சிலிருந்து கணினிக்கும் வந்திருந்தது. எஃகு வெட்டியவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் காட்டிய தனிக் கவனம் நடுவில் தொலைந்திருந்தது. கார்ட்டர் மைக்ரோசாஃப்டுக்காகச் செய்து 2013-ல் விண்டோஸ் 8.1-ல் வெளிவந்த சிட்கா எழுத்துரு அதை மீட்டது: சிறு எழுத்திலிருந்து பெரிய பதாகை வரை ஆறு தனி வடிவங்கள். வரையும்போதே வாசிப்பு ஆய்வாளர் கெவின் லார்சனின் குழு எழுத்துகளை மனிதர்களிடம் காட்டி, எது எதோடு குழம்புகிறது என்று அளந்து சொன்னது, கார்ட்டர் திருத்தினார், மறுபடி சோதித்தார்கள். அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது.

2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து மாறுநிலை எழுத்துருவை அறிவித்தன. மெல்லிய முனை ஒன்று, தடித்த முனை ஒன்று என்று வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்தால், இடையிலுள்ள எந்தத் தடிமனையும் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். அளவுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றும் வசதியும் தனியாக உண்டு. இத்தகைய எழுத்துருவில் வாசகர் கண்ணுக்கு வந்து சேரும் எழுத்து பெரும்பாலும் யாரும் வரையாத ஓர் இடைநிலை. இரண்டு முனையிலும் அழகாக இருக்கும் ‘ண’, நடுத்தடிமனில் சுழி நெருங்கி அடைபடலாம். ‘ஜ’வின் உள்வெளி கோணலாகலாம். எனவே தமிழ் எழுத்துரு வரைபவர் முனைகளோடு நிறுத்த முடியாது. நடுவில் எங்கே அடைகிறது என்று தேடிப் பார்த்து, அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு மூல வடிவத்தையும் வரைந்து சேர்க்க வேண்டும்.